எண்ணாத சட்டிகள்

இந்த எண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. இல்லாவிட்டால் தானாக வந்து இப்படி மடியில் உட்காருமா? எங்கிருந்து வந்தாய் என்று கேட்காதே, ஷாஹிரா. கேட்டால் எழுந்து போய்விடும்.

மடிக்கணினித் திரையில் முப்பத்தொன்று என்றிருந்தது. நான்காவது வாரத்தில் மிச்சமான எரிவாயு, முப்பத்தொரு சதவீதம். முப்பத்து நான்கு வயதில் ஓர் எண்ணைப் பார்த்து வெட்கப்படுவது ஷாஹிராவுக்கே வேடிக்கையாக இருந்தது.

"அனுப்பவா வேணாமா?" என்று எதிரில் இருந்த ரூபினி கேட்டாள். அவளுடைய வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையின் ஒரு விரல் மவுஸின் மேல் காத்திருந்தது.

"இரு. இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

"நீ எங்க பாக்கற? ரசிக்கற. பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி."

ரூபினிக்கு ஊர் நிபோங் திபால். பாயான் லெப்பாசில் ஒரே தொழிற்சாலையில் இருவரும் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரே நாளில் வேலையை விட்டார்கள். இப்போது இவர்கள் இருவரும்தான் ஒரு நிறுவனம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில், ஷாஹிராவின் தாய்மாமா நாகூர் மீரானின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேலிருந்த அறை அதன் அலுவலகம். வாடகை கிடையாது. பதிலுக்கு மாமாவின் கைப்பேசி பழுதாகும்போதெல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அவர்கள் செய்தது ஒரு பெட்டி. விடியற்காலையில் கறியும் குழம்பும் கொதிக்கும்போது அடுப்பைச் சுற்றி வீணாகப் போகும் சூட்டை அது பிடித்து, உள்ளே இருக்கும் மெழுகில் சேர்த்து வைக்கும். பத்து மணிக்குச் சோறு வைக்கும்போது அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும். தண்ணீர் பாதிச் சூட்டோடு சட்டிக்குள் போவதால் எரிவாயு மிச்சம். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. சரியான மெழுகைக் கண்டுபிடிக்க மட்டும் பதினான்கு மாதம் ஆனது. கண்டுபிடித்தவள் ரூபினி.

புதிய எரிசக்திக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தார்கள். இரண்டு கட்டங்களைத் தாண்டிவிட்டார்கள். கடைசிக் கட்டம் சோதனை. நிஜமான ஒரு கடையில் இரண்டு வாரம் பெட்டி இல்லாமல், நான்கு வாரம் பெட்டியோடு அளந்து காட்ட வேண்டும். சராசரியாக இருபது சதவீதமாவது மிச்சமாக வேண்டும். கடைக்காரர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கிடைத்தால் பட்டறை, இரண்டு ஆட்கள், முதல் ஐம்பது பெட்டிகள். கிடைக்காவிட்டால் ரூபினி தொழிற்சாலைக்குத் திரும்பிவிடுவாள். பழைய மேனேஜர் இந்த மாதக் கடைசிவரை அவளுக்காக இடத்தை வைத்திருந்தான். ரூபினி இல்லையென்றால் பெட்டியும் இல்லை. இதை இருவரும் ஒருமுறைதான் பேசினார்கள். பிறகு பேசவில்லை.

முதல் வாரம் பதின்மூன்று. அன்று ஷாஹிரா சாப்பிடாமல் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். மாமா வந்து நின்று, வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல, "எவ்வளவு வேணும்?" என்றார். இருபது என்றாள். தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அடுத்த வாரம் இருபத்தொன்று. அதற்கடுத்து இருபத்தேழு. இப்போது இது. சராசரி இருபத்து மூன்று.

"மெழுகு பழகிடுச்சு லா," என்றாள் ரூபினி. "எனக்கும் அந்தத் தொழிற்சாலையில பழக ஒரு மாசம் ஆச்சு." பிறகு விரலை நக்கிக்கொண்டே, "ஆனா ஒண்ணு, இப்பல்லாம் ஆட்டுக்கறி தனி ருசியா இருக்கு. வெறகடுப்பு வாசன மாதிரி வருது. நம்ம பெட்டி பண்ற வேலையா இது?" என்றாள்.

ஷாஹிரா சிரித்தாள். ரூபினியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது ஷாஹிராவின் மனதில் ஏதோ ஒன்று காலில் இடறும் சின்னக் கல்லைப்போல இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

"அனுப்பு," என்றாள்.

மாமாவின் கடிதமும் அதோடு போனது. அதில் கையெழுத்திட அவர் மூன்று முறை கை கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றி, கல்லாவை மூடிவிட்டு மேலே வந்திருந்தார். அப்படியும் தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் பதிந்துவிட்டது. அரசாங்கம் கோபித்துக்கொள்ளுமா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மானியக் குழுவின் முன் பேச வேண்டும். அதற்குச் சில படங்கள் தேவைப்பட்டன. விடியற்காலை அடுப்புகள் எரியும்போது பெட்டியைப் படமெடுக்கலாம் என்று புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஆறரை மணிக்கே ஷாஹிரா சந்துக்குள் நுழைந்தாள்.

கடையின் பின்வாசலில் ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் அதிலிருந்து துணி கட்டிய பெரிய சட்டியொன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தவர் அப்துல் ரஹீம், மாமாவின் சகலை. தாசேக் கெலுகோரில் கல்யாண விருந்துகளுக்குச் சமைப்பவர். ரப்பர் கட்டையை எரித்துச் சமைப்பார். ஷாஹிராவைப் பார்த்ததும் சலாம் சொன்னார். பிறகு நகர்ந்து சட்டியின் முன்னால் நின்று அதை மறைக்கப் பார்த்தார். சட்டி அவரைவிட அகலம்.

உள்ளே மூன்று அடுப்புகளில் ஒன்றுதான் எரிந்தது. அதன் மேலும் தேநீருக்கான தண்ணீர்தான்.

மாமா வெளியே வந்தார்.

"மாமா, இது என்னது?"

"கறி."

"எங்க ஆக்கினது?"

மாமா சகலையைப் பார்த்தார். சகலை வேனின் டயரைப் பார்த்தார்.

"தாசேக் கெலுகோர்ல," என்றார் மாமா.

"எத்தன நாளா?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து. வெள்ளிக்கெழம முடியட்டும்னு இன்னும் வருது. மொதல்ல மாட்டுக்கறி மட்டுந்தாம்மா. நான் இருபதோட நிறுத்தத்தான் சொன்னேன். இவருதான் ஆட்டுக்கறி, பருப்புன்னு சேத்துக்கிட்டே போயிட்டாரு."

"புள்ள பரீட்ச எழுதுது," என்றார் ரஹீம் மெதுவாக. "ரெண்டு மார்க்கு கூட வந்தா என்ன கெட்டுப் போச்சுன்னு பாத்தேன்."

"என் பரீட்ச இல்ல இது. பெட்டியோட பரீட்ச."

"பெட்டியும் நம்ம புள்ளதானே," என்றார் மாமா.

கோபம் வரும் என்று ஷாஹிரா எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. அதற்குப் பதில், இந்த மூன்று வாரமும் இவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. தாசேக் கெலுகோரில் இரண்டு மணிக்கு விறகு மூட்ட வேண்டும். ஐந்தரைக்கு வேனில் ஏற்ற வேண்டும். கடல் பாலத்தைத் தாண்டி வர வேண்டும், குழம்பு தளும்பாமல். ஒரு நாள்கூட ஒருவரும் அவள் முன் கொட்டாவி விடவில்லை.

"அது பொய் மாமா," என்றாள்.

மாமாவுக்கு அந்தச் சொல் உறைத்தது. கழுத்துத் துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்தக் கடைய தொறந்த அன்னிக்கு உங்கும்மா மூணு தடவ வரிசையில நின்னா. தெரியுமா உனக்கு? ஒவ்வொரு தடவையும் வேற முக்காடு. சொந்தக்காரங்க அத்தன பேரும் நின்னாங்க. இவரு அவ்வளவு தூரத்துலேருந்து வந்து நின்னாரு. கூட்டத்தப் பாத்தாத்தான் கூட்டம் வரும். அது பொய்யா? மறுநாள்லேருந்து நெசமாவே வந்தாங்கல்ல?"

"ரெண்டு தட்டு கோழியும் தின்னேன் அன்னிக்கு," என்றார் ரஹீம், சாட்சி சொல்வதுபோல.

ஷாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு படியேறி அறைக்குப் போனாள். மாமா சொன்னதற்குப் பதில் இல்லாமலில்லை. வரிசையில் உம்மா நின்றாலும் அன்று தட்டில் விழுந்த சோறு நிஜம். மறுநாள் வந்தவனுக்கும் அதே சோறு. இங்கே அப்படியில்லை. நாளைக்கு ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒருவர் இருபத்து மூன்றை நம்பிப் பெட்டியை வாங்குவார். அவருக்குத் தாசேக் கெலுகோரில் ஒரு சகலை இருக்க மாட்டார்.

இதையெல்லாம் கீழே போய்ச் சொல்லலாம். சொன்னால் மாமா புரிந்துகொள்வார், தலையாட்டுவார், துண்டை மாற்றிப் போடுவார். ஆனால் அவளைப் படியேற வைத்தது அதுவல்ல.

மடிக்கணினியைத் திறந்து இரண்டாவது வாரத்தின் பதிவுகளுக்குப் போனாள். ஒவ்வோர் அடுப்பின் பக்கத்திலும் சூட்டை அளக்கும் சிறு உணரி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை இடது அடுப்பின் கோடு காலை எட்டு மணிவரை ஏறவே இல்லை. தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

அவள் அதை அப்போதே பார்த்திருந்தாள். பார்த்து, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். 'உணரியில் கோளாறா?' என்று. திங்கட்கிழமை அறிக்கை அனுப்பும் முன் அதைத் திருத்தியதும் நினைவிருந்தது. 'உணரியில் கோளாறு' என்று மாற்றியிருந்தாள். படிப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அந்த மூன்று வாரமும் ஒரு நாள் காலையிலாவது கீழே இறங்கி அடுப்பைப் பார்க்க அவளுக்கு என்ன தடை? பதினொரு வருடம் தொழிற்சாலையில் அவள் செய்த வேலையே அதுதான். எண் தப்பாக இருந்தால் மட்டுமல்ல, எண் மிக நன்றாக இருந்தாலும் எழுந்து போய் இயந்திரத்தைப் பார்ப்பவள் என்று அவளுக்குப் பெயர். இந்த முறை நாற்காலியை விட்டு எழவில்லை. எழாமல் இருந்தது சோம்பலால் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும், அறையில் வேறு யாரோ இருப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

ரூபினியை அழைத்துச் சொன்னாள். மறுமுனையில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"ரூபி?"

"இருக்கேன். பல்லு வெளக்கிட்டிருந்தேன்." பிறகு, "அப்போ நெசமா எவ்வளவு?" என்றாள்.

"பதின்மூணு."

"பதின்மூணு மோசமில்ல லா."

"மோசமில்ல. இருபது இல்ல, அவ்வளவுதான்."

"எழுதி அனுப்பு," என்றாள் ரூபினி. "நான் குளிச்சிட்டு வரேன்."

கடிதத்தில் ஷாஹிரா சுருக்கமாக எழுதினாள். கடைசி மூன்று வாரங்களில் சமையலின் ஒரு பகுதி வேறிடத்தில் நடந்திருக்கிறது. எரிவாயுவை அளந்தோம், எத்தனை சட்டிகள் இங்கே சமைக்கப்பட்டன என்பதை எண்ணவில்லை. இருபத்து மூன்றைத் திரும்பப் பெறுகிறோம். நம்பக்கூடிய எண் பதின்மூன்று. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

வியாழக்கிழமை மதியக் கூட்டம் கலைந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. மானியப் பிரிவின் அதிகாரி கோகுலன். புத்ராஜெயாவிலிருந்து. விண்ணப்பித்த நாள் முதல் அவர்தான் இவர்களோடு பேசிவருபவர். ஷாஹிராவும் ரூபினியும் கடையின் உள்பக்க மேசையில் இருந்தார்கள். மாமா இரண்டு நாளாகச் செய்வதுபோல, கேட்காமலே அவர்கள் முன் தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஒலிபெருக்கியில் போடு என்று ரூபினி சைகை காட்டினாள். ஷாஹிரா போட்டாள்.

"மிஸ் ஷாஹிரா, உங்க இமெயில ரெண்டு தடவ படிச்சேன்," என்றார் கோகுலன். "ஆறு வருஷமா இந்த வேலையில இருக்கேன். நம்பர கொறச்சுக்குங்கன்னு எழுதின மொத ஆளு நீங்கதான்."

"சாரி சார்."

"சாரியெல்லாம் எதுக்கு. நான் ஒண்ணு கேக்கறேன். சமையல வேற எடத்துல பண்ணது உங்க முடிவு இல்லியே?"

"இல்ல."

"அதான் நெனச்சேன். அப்போ ஒரு வழி இருக்கு. வெளியாளு யாராவது உங்களுக்குத் தெரியாம டெஸ்ட்டுல கை வச்சிருந்தா, ஆறு வாரம் டைம் தரலாம். மறுபடியும் டெஸ்ட் பண்ணிக்கலாம். ஒரே பக்க ஃபாரம். பண்ணது யாரு, அவரு பேரு. எங்களுக்குத் தெரியாம நடந்துச்சுன்னு ஒரு வரி. சைன். அவ்வளவுதான்."

"அந்த ஃபாரம் இல்லன்னா?"

"இல்லன்னா அது உங்க தப்புன்னு ஆயிடும். இந்த ரவுண்டு முடிஞ்சுது. அடுத்தது ஒம்பது மாசம் கழிச்சு."

ரூபினி தேநீர்க் குவளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு குடுத்தா அவருக்கு என்ன ஆகும் சார்?"

"ஜெயிலுக்கெல்லாம் போக மாட்டாரு. டெஸ்ட்ட கெடுத்தவருன்னு எங்க லிஸ்டுல ஏறும். இனிமே எந்த கிராண்டுக்கும் அப்ளை பண்ண முடியாது."

மாமா மேசையின் மேல் குனிந்தார். தொலைபேசிக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனார். "வணக்கம் சார். நாகூர் மீரான். எழுதிக்குங்க. நாகூர் தனி, மீரான் தனி. ஐசி கார்டு நம்பர் சொல்லவா?"

"யாரு பேசறது?"

"ஒரு நிமிஷம் சார்," என்று ஷாஹிரா ஒலியை நிறுத்தினாள்.

"என்னம்மா நீ. குடுக்க வேண்டியதுதானே," என்றார் மாமா. "நான் என்னிக்கு அரசாங்கத்துகிட்டப் போயி நின்னேன்? காலியான கேஸ் தோங்க மாத்தறதுக்கே நான் யாரையும் கேட்டதில்ல. என் பேர லிஸ்டுல போட்டா போடட்டும். மேல சுவத்துல மாட்டச் சொல்லு."

"எழுது ஷாஹி," என்றாள் ரூபினி. குரலில் அவசரம் இல்லை. அதுதான் ஷாஹிராவைத் தொட்டது. "அங்கிளே சொல்றாரு. ஆறு வாரம் கெடச்சா நான் மெழுகோட அளவ மாத்திப் பாக்கறேன். பதின்மூண இருபதாக்க முடியும்னு தோணுது."

ஷாஹிரா மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். இரண்டாவது வாரம், வியாழன், இடது அடுப்பு. கோடு கிடந்த இடத்தைக் காட்டினாள். கீழே குறிப்பை. பிறகு அதற்கு முந்தைய பிரதியைத் திறந்து, அங்கே கேள்வியாக இருந்த அதே குறிப்பை.

ரூபினி இரண்டையும் படித்தாள். அவள் மெதுவாகப் படிப்பவள். எப்போதும் அப்படித்தான்.

"நான் வெறகு வாசனன்னு சொன்னேன்," என்றாள்.

"சொன்ன."

"நீ சிரிச்ச."

"ஆமா."

"நானும்தான் சிரிச்சேன்." ரூபினி திரையைத் தாழ்த்தினாள். "இதையெல்லாம் யாரு பாக்கப் போறா, ஷாஹி. எழுதிடலாம் லா."

மாமாவுக்கு அவர்கள் பார்த்தது என்னவென்று தெரியவில்லை. ஆனால் மருமகளின் முகத்தைப் பார்த்தார். தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி அவள் குவளையை எடுத்துக்கொண்டு போனார். சூடாக இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. மஞ்சள் ஏறிய அவருடைய விரல்கள் மேசையில் அமைதியாக இருந்தன.

இவரை எழுதிக் கொடுத்தால் ரூபினி இங்கேயே இருப்பாள் என்று ஷாஹிரா நினைத்தாள். பெட்டி இருக்கும். இவரும் நாளைக்கு இதே தேநீரைக் கொண்டுவந்து வைப்பார்; சந்தோஷமாகவே வைப்பார். யாருக்கும் எதுவும் குறையாது. ஒரே ஒரு வரிதான். எங்களுக்குத் தெரியாமல் நடந்தது. அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'தெரியாமல்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவள் பட்ட பாடு மாமா சட்டி சுமக்கப் பட்ட பாட்டுக்குக் குறைந்ததல்ல. அவர் அவளுக்காக எழுந்தார். அவள் தனக்காக உட்கார்ந்திருந்தாள். இரண்டில் ஒன்றை மட்டும் தாளில் எழுதி அனுப்ப முடியாது.

ரூபினியைப் பார்த்தாள். ரூபினி பார்வையை விலக்கவில்லை. மேசைக்கடியில் தன் காலால் ஷாஹிராவின் காலை ஒருமுறை இடித்தாள், தொழிற்சாலைக் கூட்டங்களில் பேசு என்பதற்கு இடிப்பதுபோல.

ஷாஹிரா ஒலியைத் திறந்தாள்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். ஃபாரம இப்பவே அனுப்பிடறேன். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பேரு போட்டு சைன் பண்ணித் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"இல்ல சார்," என்றாள் ஷாஹிரா. "அனுப்ப வேணாம்."